உலகம்மாளின் மூன்றாவது மண்டலம்

உலகம்மாள் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள். கழுத்தில் விசில் தொங்க, "இன்னொரு ரவுண்டு" என்று அவள் சொன்னால் மைதானமே இன்னொரு ரவுண்டு ஓடும். கால் வலிக்கிறது என்ற பிள்ளைகளும் ஓடினார்கள். ஓடி முடித்ததும் வலி போய்விட்டது என்றும் சொன்னார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள், எதிரில் நிற்பது உலகம்மாள் ஆயிற்றே!

அவள் ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு வாங்கி, வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, துறவு வேண்டும் என்று மலையடிவாரத்துப் பெண்கள் மடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மடத்தின் குரு பூரணி அம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. தன்னைவிட மூத்த சிஷ்யையை அவர் "அக்கா" என்பார். சிஷ்யை அவரைத் "தாயே" என்பாள். தாய்க்கு மகள் அக்காவாக இருக்கும் அதிசயத்தை அந்த மடத்தில்தான் பார்க்கலாம். அங்கே யாரும் அதற்குச் சிரித்ததில்லை.

துறவு கேட்டு வருகிறவர்களுக்கு அங்கே ஒரு சோதனை உண்டு. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விடியுமுன் ஆற்றில் இறங்கி ஒரு பித்தளைக் குடம் நிறைய நீர் எடுத்து, அறுபத்திரண்டு படி ஏறி அம்பாள் சந்நிதியில் சேர்க்க வேண்டும். வழியில் குடம் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் எண்ணிக்கை அதோடு சரி. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். அப்படி மொத்தம் மூன்று முறை. மூன்றும் தவறினால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

இன்னொரு விதியும் உண்டு. அது எல்லாருக்கும் பொது. காலையில் திரை விலகி, அம்பாள் எழுந்து, அபிஷேகம் முடிந்து தீர்த்தம் கொடுக்கும்வரை யார் நாக்கிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. தீர்த்தம் வாங்கியதும் எல்லாரும் ஒன்றாகக் கஞ்சிக்கு உட்கார்ந்துவிடுவார்கள். மடத்தைத் தொடங்கிய முதல் அம்மை வைத்த ஏற்பாடு அது. குருவும் அதற்கு விலக்கில்லை.

உலகம்மாளின் முதல் மண்டலம் முப்பத்து மூன்றாம் நாள் உடைந்தது. குடத்தோடு படியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப் போக, குடம் படியைத் தொட்டுவிட்டது. இரண்டாவது, இருபத்தேழாம் நாள். மூச்சு வாங்கி, கண் இருட்டி, தானே குடத்தை இறக்கி வைத்துவிட்டாள்.

அசதி என்றால் அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: இன்னொரு ரவுண்டு. மூன்றாவது மண்டலம் தொடங்கியதும் சாப்பாட்டை ஒரு வேளை ஆக்கினாள். தூக்கத்தை மூன்று மணி நேரம் ஆக்கினாள். பகலில் கண் அசந்தால் எழுந்து நின்று ஜபம் செய்தாள். உடம்பு சொகுசு கேட்கிறது, கொடுத்தால் தலைமேல் ஏறிவிடும் என்று நினைத்தாள்.

சித்திரை வெயிலில் காக்கை வாயைப் பிளந்துகொண்டு நிழல் தேடியபோது உலகம்மாள் சால்வை போர்த்திக்கொண்டு நடுங்கினாள். குரல் கரகரத்தது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. முகம் உப்பிக் கண்ணிமைகள் தடித்தன. மடத்துப் பெண்கள் அதைப் பார்த்து, "அக்காளுக்கு அருள் கூடிட்டு. மொகம் பூரிச்சுல்லா கெடக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். தனக்குள்ளே அருள் வருகிற அறிகுறி எதுவும் தெரியவில்லையே என்று அவளுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நாள், நாற்பத்தோராம் படியில், குடம் கைநழுவியது.

அது ஒவ்வொரு படியாக விழுந்து, ஒவ்வொரு படியிலும் சத்தம் போட்டு, கடைசியில் ஆற்றில் போய் விழுந்தது. உலகம்மாள் அங்கேயே உட்கார்ந்தாள். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். முப்பது வருஷம் மற்றவர்களை ஓட வைத்தவளுக்கு, தன்னால் அறுபத்திரண்டு படி ஏற முடியவில்லை என்பது தாங்க முடியாத அவமானமாக இருந்தது.

பூரணி அம்மை இறங்கி வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"மூணாவதும் போச்சு தாயே."

"சத்தம் கேட்டுது."

"எம் பக்தி எங்கன கொறஞ்சுதுன்னு மட்டும் சொல்லிருங்க. நான் போயிருதேன்."

பூரணி அம்மை கையை நீட்டினார். உலகம்மாள் தன் கையை அதில் வைத்தாள். அந்தக் கை, சித்திரைப் புழுக்கம் தணியாத அந்த விடியலிலும், சில்லென்று இருந்தது. விரல்கள் தடித்திருந்தன. மடக்கிப் பார்த்தார், பாதிக்கு மேல் மடங்கவில்லை.

"இது எத்தனை நாளா அக்கா?"

"ரெண்டு மாசமா. விடியக்காலம் ஆனா மரத்துப் போவுது. கொடத்துக் கழுத்தைப் பிடிச்சிருக்கேனா, விட்டுட்டேனான்னு எனக்கே தெரிய மாட்டேங்கு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஒடம்பு சொல்லுததையெல்லாம் குருகிட்ட வந்து சொல்லலாமா? போட்டு வெரட்டுனா சரியாப் போவும்னு நெனச்சேன்."

"சரியாப் போச்சா?"

உலகம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மடத்துக்குள் நுழையும்போது எல்லாரும் தங்கள் உடைமைகளை வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே வருவது வழக்கம். பூரணி அம்மை அதை ஞாபகப்படுத்தினார்.

"வந்த அன்னைக்குப் பெட்டியில என்னென்ன போட்டிய?"

"செயினு, வாட்ச்சு, போனு." அவள் யோசித்தாள். "ஒரு மாத்திரை டப்பா."

"என்ன மாத்திரை?"

"தைராய்டுக்கு. பதினோரு வருஷமாத் தின்னுக்கிட்டு இருந்தேன். எல்லாத்தையும் விட்டுட்டு வாரவளுக்கு மாத்திரை மட்டும் என்னத்துக்குன்னு அதையும் போட்டுட்டேன்."

சொல்லும்போது, அந்த அழுகையிலும், அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. செயினை விட்டது அவளுக்குப் பெரிதாகவே படவில்லை. மாத்திரையை விட்டதைத்தான் உண்மையான துறவு என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பூரணி அம்மை ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பெட்டியை நான்தான் பூட்டுனேன்" என்றார். "என்ன மாத்திரைன்னு ஒரு வார்த்தை கேக்கல. அஞ்சு மாசம் ஆச்சு."

அன்று பூஜையை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, பூரணி அம்மை தன் சிஷ்யையை பஸ் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு இருவரும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மாள் குருவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூங்கக் கூடாது என்று அவளே போட்ட விதியை அவள் மீறிக்கொண்டிருந்தாள். பூரணி அம்மை மூன்று மணி நேரம் தோளை அசைக்கவில்லை.

டாக்டர் ஜெசிந்தா காகிதத்தைப் பார்த்துவிட்டு உலகம்மாளைப் பார்த்தார்.

"இந்த நம்பர் அஞ்சுக்குள்ள இருக்கணும்மா. உங்களுக்கு எண்பத்து நாலு. ஹார்மோன் வரலையே, குடு குடுன்னு மூளை கெடந்து கத்துற அளவு இது. எப்படி நடந்து வந்தீங்க?"

"படி ஏறுனேன்" என்றாள் உலகம்மாள்.

டாக்டர் அவள் கழுத்தின் முன்புறத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு சுரப்பி இருக்கு. அது ஒரு நாளைக்கு விடுற ஹார்மோன் கடுகளவுகூட வராது. ஆனா அது வந்து சொன்னாத்தான் உடம்பு சாப்பாட்டைச் சூடாவும் தெம்பாவும் மாத்தும். அது வரலைன்னா எவ்வளவு தூங்கினாலும் அசதிதான். சித்திரையிலயும் குளிரும். முகம், கையெல்லாம் ஊதும். அந்த ஊத்தத்துல கை நரம்பு நசுங்கி விரல் மரத்துப் போகும்."

"அது ஏன் வராமப் போச்சு? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யல. கிருமி வந்தா சண்டை போடுறதுக்குன்னு உடம்புல காவல் ஆளுங்க இருக்காங்க. உங்களுக்கு அவங்க ஆள் தெரியாம அந்தச் சுரப்பி மேலயே பாய்ஞ்சிருக்காங்க. வருஷக்கணக்கா உள்ளுக்குள்ள அழற்சி. சுரப்பி புண்ணாகி ஓய்ஞ்சு போச்சு. அதுக்குப் பதிலாத்தான் மாத்திரை. அதை நிறுத்தினது போதாதுன்னு பட்டினி, கண்முழிப்பு வேற. அதெல்லாம் மத்த ஹார்மோனையும் கலைச்சு விட்டுரும்மா. ஆபத்து ஆபத்துன்னு உடம்பு நாள் முழுக்கப் பதறிக்கிட்டே இருந்தா, வீக்கத்தை அடக்குற ஹார்மோன் வந்து அதட்டினாலும் அது கேக்காது."

உலகம்மாள் கேட்க வேண்டாம் என்று பார்த்தாள். முடியவில்லை.

"பக்தி கொறஞ்சாலும் இப்பிடி வருமா டாக்டர்?"

டாக்டர் பூரணி அம்மையை ஒரு பார்வை பார்த்தார். "அதுக்கு எங்க லேப்ல டெஸ்ட் இல்லம்மா" என்றார்.

பிறகு சீட்டு எழுதினார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு ஒரு மாத்திரை. அதன்பிறகு ஒரு மணி நேரம் கஞ்சியோ பாலோ எதுவும் கூடாது. நேரத்துக்குச் சாப்பாடு, வேண்டிய மட்டும் தூக்கம். குடம் தூக்கக் கூடாது. ஏழு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

"ஏழு வாரம்" என்று பூரணி அம்மை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மாத்திரையை வாங்கிப் பூரணி அம்மை மடியில் முடிந்துகொண்டார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த உலகம்மாள் பாதி வழியில் கேட்டாள்.

"ஏன் தாயே, எம் ஒடம்புல உள்ள காவலே என்னைப் போட்டு அடிச்சிருக்கு. இந்த ஒடம்பை இனிமே எப்பிடி நம்ப? எப்பிடி மன்னிக்க?"

பூரணி அம்மை பயணச் சீட்டைச் சுருட்டி விரலிடுக்கில் வைத்துக்கொண்டு கதை சொன்னார்.

"ஒரு ஊர்ல ஒரு கொளம். கரை தட்டத் தண்ணி. மடை தொறந்து வயலுக்குத் தண்ணி விட ஒரே ஒரு ஆளு. விடியக்காலம் போயி ஒரு சாண் அளவுக்குப் பலகையைத் தூக்குவான். நேரம் பாத்து எறக்குவான். அவ்வளவுதான் அவன் சோலி. ஊர்ல பாதிப் பேருக்கு அவன் பேருகூடத் தெரியாது."

"சரி."

"ஒரு நாளு ஊர்க்காவலுக்கு நின்னவங்க, கரைமேல ஆளு நடமாட்டத்தைப் பாத்துட்டு, திருடன்னு நெனச்சு அவனைப் போட்டு அடிச்சிட்டாங்க. கை ஒடிஞ்சு போச்சு. பலகை எறக்குனது எறக்குனபடி கெடக்கு."

"வயலு?"

"காஞ்சு போச்சு. கொளம் நெறஞ்சு கெடக்கு, வயல்ல சொட்டுத் தண்ணி இல்ல. வயலுக்காரி வந்து பாத்தா. ஏரு எறங்க மாட்டேங்கு. மாடு சோம்பேறியாப் போச்சுன்னு நெனச்சா."

உலகம்மாள் திரும்பிக் குருவைப் பார்த்தாள்.

"மாட்டை அடிச்சா. அப்பவும் ஏரு எறங்கல. தீனியை ஒரு வேளையாக் கொறைச்சா. படுக்க விடாம நேரங்காலம் இல்லாம ஏரு பூட்டுனா. மாடும் அவ சொன்னதுக்காக இழுத்துக்கிட்டேதான் இருந்துது. ஒரு நாளு விழுந்துட்டு. அவ வரப்புல உக்காந்து அழுதா, எம் பக்தி எங்கன கொறஞ்சுதுன்னு."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, பூக்கூடையோடு இருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"அந்தக் காவக்காரங்களை ஊரு என்ன செஞ்சுது?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"என்ன செய்ய முடியும்? ஊரைக் காக்கணும்னுதான் அடிச்சாங்க. ஆள் தெரியாமப் போச்சு. மடைக்கு வேற ஆளை வச்சாங்க. அவன் நாள் தவறாமப் போயித் தொறந்தான். தண்ணி வந்துது."

"அந்த வயலுக்காரி?"

"அவளைப் பத்திக் கதையில ஒண்ணுமில்ல. நீங்கதான் சொல்லணும் அக்கா. அந்த மாடு அவளை மன்னிக்குமா?"

உலகம்மாள் தன் இடது கையை எடுத்து மடியில் வைத்து, வலது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக மெல்லத் தடவினாள். யாரோ ஒரு நோயாளிப் பிள்ளையின் கையைத் தடவுகிற மாதிரி இருந்தது. மலை தெரியும்வரை தடவிக்கொண்டே வந்தாள்.

மடத்து வாசலில் பூரணி அம்மை நின்றார்.

"நாளைல இருந்து உங்களுக்கு ஒரு மண்டலம்."

"மூணும் முடிஞ்சு போச்சே தாயே."

"கொடத்துக்குத்தான் மூணு. இது வேற. காலைல மாத்திரை. ரெண்டு வேளைச் சாப்பாடு, வயிறு நெறைய. எட்டு மணி நேரம் தூக்கம். மத்தவங்க படி ஏறும்போது நீங்க உக்காந்து பாக்கணும். எழுந்திரிச்சு ஒத்தாசைக்குப் போவக் கூடாது."

"இது என்ன தாயே விரதம்? சும்மா உக்காந்திருக்கதா?"

"உங்களுக்கு அறுபத்திரண்டு படியைவிட இது கஷ்டம்."

உலகம்மாளுக்கு ஒரு கணம் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியும் போனது.

"அம்பாள் எழுமுன்ன மாத்திரையும் தண்ணியும் எப்பிடி? பூஜை முடிஞ்சதும் கஞ்சிப் பந்தி. எனக்காக எல்லாரும் ஒரு மணி நேரம் பசியோட காத்துக் கெடக்கணுமா? நான் வந்து இந்த மடத்து முறை கெட்டுதுன்னு பேரு வாங்க மாட்டேன். வீட்டுக்குப் போயி ஒழுங்காத் தின்னுக்கிடுதேன். காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்புதேன்."

பூரணி அம்மை போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உலகம்மாளுக்கு அது உறுத்தியது. ஒரு வார்த்தை தடுத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே படுத்தாள். படுத்ததும் தூங்கிப் போனாள். அவள் உடம்பு இப்போதெல்லாம் அவளைக் கேட்டுக்கொண்டு தூங்குவதில்லை.

விடிவதற்குக் கொஞ்சம் முன்பு எழுந்து, இரண்டு சேலையையும் ஒரு துண்டையும் மூட்டையாகக் கட்டினாள். விரல்கள் மரத்திருந்ததால் முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது. நாலாவது தடவை பல்லால் இழுத்துக் கட்டினாள். பெட்டியில் கிடக்கும் செயினையும் போனையும் கேட்க வேண்டுமே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அந்தச் செயின் தனக்கு இனி எதற்கு என்று தோன்றியது.

முற்றத்துக்கு வந்தாள். மடத்துப் பெண்கள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சந்நிதிக்கு முன் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே திரை மூடியே இருந்தது. விளக்கு இன்னும் ஏற்றவில்லை. அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தூரத்திலிருந்தே கும்பிட்டாள்.

சந்நிதியின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. பூரணி அம்மை வெளியே வந்தார். ஒரு கையில் அம்பாளுக்குத் தீர்த்தம் வைக்கிற வெள்ளிக் கிண்ணம். அதில் தண்ணீர். இன்னொரு கை மூடியிருந்தது.

வரிசையில் நின்றவர்கள் தீர்த்தம் என்று நினைத்துக் கை ஏந்தினார்கள். அதற்குள் தீர்த்தமா என்று ஒருத்திக்கொருத்தி பார்த்துக்கொண்டார்கள். பூரணி அம்மை அவர்கள் எல்லாரையும் கடந்து நேரே உலகம்மாளிடம் வந்தார். மூடிய கையைத் திறந்தார். உள்ளங்கையில் சின்னதாக வெள்ளை மாத்திரை.

உலகம்மாள் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம் தாயே. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்."

"நீங்களே இன்னும் பல்லுல தண்ணி படாம நிக்கிய. நான் எப்பிடி மொதல்ல..."

"கையை நீட்டுங்க அக்கா."

குரு சொன்ன பிறகு நீட்டாமல் இருக்க முடியாது. நீட்டினாள். பூரணி அம்மை தன் கையால் அந்தத் தடித்த கையை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாத்திரையை நடுவில் வைத்தார். உலகம்மாள் அதைப் பார்த்தாள். மூடியிருந்த திரையைப் பார்த்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"திரைகூட இன்னும் வெலகல தாயே. அம்பாள் எழுந்திரிக்கல. அதுக்கு முன்ன நான் எப்பிடி இதை வாயில போட?"

"எழுந்தாச்சு அக்கா" என்றார் பூரணி அம்மை, கிண்ணத்தை அவள் உதட்டருகே கொண்டுபோய். "எழுந்ததும் மொதல்ல உங்களைத்தான் கேட்டா. எம் பிள்ளை உலகு மாத்திரை போட்டாளான்னு."